லிஃப்ட் சாவி என்கிட்டதான் இருக்கு

கோபக்காரிக்கு,

முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். சாப்பிடாம கிளம்பாதே. சண்டை என்னோடதான், முட்டையோட இல்ல.

நேத்து சர்வீஸ் பார்க்கப் போன இடத்துல அந்த லிஃப்ட்டைப் பூட்டிட்டு வந்தேன்ல, அதோட சாவி கேட்டு எங்க மேனேஜர் வீட்டுக்கே வருவார். எனக்கு உடம்பு சரியில்லன்னு கதை விடாதே. கம்பிக்கயிறு பிரிஞ்சு நிக்குதுன்னு பில்டிங் ஓனர்கிட்ட சொல்லப் போயிருக்கேன், சாவியும் என்கிட்டதான் இருக்குன்னு நேராவே சொல்லிடு. அவர் கேக்கற மாதிரி கயிறு நல்லாருக்குன்னு எழுதிக் கொடுக்க என்னால முடியாது.

"உங்க மனசாட்சியா வந்து வாடகை கட்டும்?"னு ராத்திரி கேட்டே. கட்டாதுதான். இந்த வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். கை இருக்கு, கர்த்தர் இருக்கார். ஆனா பொய் எழுதிக் கொடுத்து, அந்த லிஃப்ட்டுல யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா, எந்த முகத்தை வச்சிக்கிட்டு நான் முழங்கால் போடுவேன்? இன்னைக்கு ஜெபத்துல அவர்கிட்ட மறைக்க ஒண்ணுமே இல்ல. அந்த நிம்மதியை எந்தச் சம்பளமும் எனக்குக் கொடுத்ததில்ல.

சாயங்காலம் சீக்கிரம் வந்துடுவேன்.

பி.கு.: வேலை போகப்போறவன் நான், குறட்டை விட்டுத் தூங்கினேன். நீதான் புரண்டுக்கிட்டே இருந்தே. உனக்கும் சேர்த்து ஜெபம் பண்ணியிருக்கேன்.

இன்னொண்ணு: மேனேஜர் வந்தா உட்காரச் சொல்லி ஒரு டீ கொடு. அவரும் தூங்கியிருக்க மாட்டார், பாவம்.