ஜீப்பின் அகலத்துக்கு ஒரு மூங்கில்

அன்புள்ள ராவுத்தருக்கு,

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. வடக்கு ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. மருமகள் ஒரு கட்சியாகவும் நான் ஒரு கட்சியாகவும் நின்று, இரு தரப்பு நியாயங்களும் முழுமையாகக் கேட்கப்பட்டு, காப்பி ஆறிப்போகும்வரை விவாதம் நடந்த பிறகு எடுத்த முடிவு. திரைத்துணி வந்தாகிவிட்டது. வளையங்களும் தைத்தாகிவிட்டன. கம்புக்குத்தான், கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும் மூங்கில் அவள் கண்ணில் பட்டது. ஜன்னலைவிட ஒரு சாண் நீளம்.

"ஒரு சாண்தானே மாமா, அறுத்துட்டாப் போச்சு" என்றாள்.

அறுக்க முடியாது, அது ஜீப்பின் அகலம் என்றேன். நம் வீட்டில் ஜீப் கிடையாதே என்றாள். உண்மைதான். வீட்டுக்கு மூத்தவன் என்ற ஒரே தகுதியில் என் கட்சி ஜெயித்தது. இதை எழுதும்போது மேகம் ஜன்னல் வழியாக வந்து என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. மூங்கிலின் ஈரத்தைத் துடைத்தேன். ஒரு முனையில் அந்தச் சுண்ணாம்புக் கறை இன்னும் இருக்கிறது. நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகியும் உங்களுக்கு எழுதாமலே இருந்தவன், அதைப் பார்த்துவிட்டுத்தான் காகிதம் எடுத்தேன்.

அந்த நாளில் கோடைக்கானலில் கார் வைத்திருந்தவர்கள் ஏரியைச் சுற்றுவதற்காக வைத்திருந்தார்கள். சுற்றி முடித்ததும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து திருப்தி அடைந்தார்கள். கடைவீதியில் காய்கறி மண்டி வைத்திருந்த நீங்கள், பட்டாளத்தார் கழித்துக் கட்டிய ஒரு ஜீப்பை வாங்கி வந்தீர்கள். அதன் வலது பக்கத்தில் துப்பாக்கிக் குண்டு துளைத்த மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. பார்க்க வந்தவர்கள் பர்மா யுத்தத்தைப் பற்றி விசாரித்தார்கள். துரு என்று உண்மையைச் சொல்லி எல்லோரையும் ஏமாற்றமடையச் செய்தீர்கள்.

அந்த ஜீப், பூம்பாறையையும் தாண்டி மலைக்குள் இருக்கும் போளூர் கிராமத்துக்குப் போனதற்குக் காரணம் விதைக்கிழங்கு. முந்தின பருவத்தில் போளூர்க்காரர்களின் உருளைக்கிழங்கு முழுக்க நோய் விழுந்து அழுகியது. அந்தக் கிழங்கிலிருந்து விதை எடுக்காதீர்கள், நீலகிரியிலிருந்து நல்ல விதை கொண்டுவந்து தருகிறேன் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர்கள் நம்பினார்கள். வீட்டில் மிஞ்சியிருந்ததை ஆக்கித் தின்றுவிட்டார்கள். நீங்கள் சொன்னபடியே விதை வந்து மண்டியில் இறங்கியது. அந்த வாரம்தான் பாரம் சுமக்கும் குதிரைகளுக்கெல்லாம் மூக்கு ஒழுகும் காய்ச்சல் வந்து, ஒன்று மாற்றி ஒன்று படுத்தன. பூம்பாறைக்கு அப்பால் அப்போது குதிரைத் தடம்தான். தலைச்சுமையில் போனது கொஞ்சம்தான். மீதி உங்கள் மண்டி இருட்டில் முளைவிட ஆரம்பித்தது. மழை இறங்குவதற்குள் விதை மண்ணுக்குள் போகாவிட்டால், அந்த ஊருக்கு அந்த வருஷம் வெள்ளாமை கிடையாது.

தினமும் காலையில் நீங்கள் சாக்குக்குள் கைவிட்டு முளைகளைத் தடவிப் பார்ப்பீர்கள், காய்ச்சல் பார்க்கிற டாக்டர் மாதிரி.

"வாத்தியாரே, நான் சொல்லித்தானே தின்னாங்க?" என்றீர்கள் ஒருநாள். அன்றே ஜீப்புக்கு எண்ணெய் போட ஆரம்பித்தீர்கள்.

உங்கள் திட்டமிடும் முறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு காரியத்தைத் தொடங்குவதற்கு முன் அதற்கு ஆட்சேபம் சொல்ல ஓர் ஆளை நியமிப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த என்னை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தீர்கள். குறை கண்டுபிடிப்பது என் தொழில் என்பது உங்கள் வாதம். சாயங்காலம் பள்ளி விட்டதும் மண்டிக்கு வந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, இந்தப் பயணம் ஏன் நடக்காது என்று நான் சொல்ல வேண்டும். நீங்கள் ஒவ்வொன்றுக்கும் வழி சொல்ல வேண்டும். பாறை வழுக்குமே என்றால் ஈரச் சாக்கு விரிக்கலாம் என்பீர்கள். ஓடையில் எஞ்சின் நனையுமே என்றால், விசிறிப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்கலாம் என்பீர்கள். வழியில் நான் பயந்துவிட்டால் என்றேன். அதையும் யோசித்து வைத்திருந்தீர்கள்.

"இறக்கி விட்டுருவேன். நடந்து வாங்க."

வரைபடம் மண்டித் தரையில் இருந்தது. உருளைக்கிழங்கெல்லாம் மலை, கேரட் வரிசை பாதை, பூண்டுப் பல் ஒவ்வொன்றும் ஓர் ஓடை. போளூர் ஒரு முட்டைக்கோஸ். இத்தனை துல்லியமான படம் சர்வே இலாகாவில்கூட இருந்திருக்காது. ஒரே குறை, அது விற்பனைக்கும் இருந்தது. ஓர் அம்மா வந்து, பூம்பாறைக்கு மேலே உள்ள பெரிய வளைவை எடை போடச் சொன்னார். சாக்கிலிருந்து வேறு கேரட் தருகிறேன் என்றீர்கள். இதுதான் பிஞ்சாக இருக்கிறது என்றார். வளைவைக் கொடுத்துவிட்டீர்கள். அதன் இடத்தில் ஒரு பீட்ரூட்டை வைத்து, "இந்த வளைவு கொஞ்சம் மோசந்தான், இதுவே பொருத்தம்" என்றீர்கள்.

அந்தச் சமயம்தான் போளூரிலிருந்து வேலுச்சாமி வந்தார், விதை எப்போது வரும் என்று கேட்க. ஊரின் தொடக்கத்தில், பாதை ஓரமாகவே அவருடைய வயல். குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு நம் இருவரையும் பார்த்தார்.

"ராவுத்தரே, காய்கறியை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வெளையாடிக்கிட்டு இருக்கீங்களா?"

"ஜீப்பு வருதுங்க, வேலுச்சாமி. உங்க ஊருக்கு."

"ஜீப்பா? எங்க ஊர்லயா? வந்தா எங்க வச்சுத் திருப்புவீங்க? என் தோள்ல வச்சுத் திருப்புங்க!"

நாம் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தனை நாள் நடந்த ஆலோசனையில் சொல்லப்பட்ட உருப்படியான ஆட்சேபம் அது ஒன்றுதான் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. சம்பளமில்லாவிட்டாலும் பதவியில் இருந்தவன் நான். எனக்கும் தெரியவில்லை.

பிறகு மூங்கில் வெட்டினீர்கள். சக்கரத்தின் வெளி ஓரத்திலிருந்து மறு சக்கரத்தின் வெளி ஓரம்வரை பிடித்துப் பார்த்து, இரண்டு முனையையும் சுண்ணாம்பில் தோய்த்தீர்கள். பாதையில் குறுக்காக அதைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். முனை எங்கே பாறையில் இடிக்கிறதோ அங்கே சுண்ணாம்பு ஒட்டும். பின்னால் வரும் போளூர் ஆட்கள் கடப்பாரையால் அந்த இடத்தை உடைப்பார்கள். பூம்பாறையில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன ராவுத்தரே, எங்க சாமிக்குக் காவடியா?"

"உங்க சாமிக்கு உருளைக்கெழங்கு, தாயி" என்று சொல்லிக்கொண்டே நடந்தீர்கள்.

கூர்ந்து பார்த்தால் அது வெறும் நடை. ஆனால் மலைப்பாதை முழுவதையும் ஒரு மனிதர், கைகளை விரித்துத் தழுவுகிற மாதிரி, குறுக்குக் கம்போடு நடந்து முடித்ததை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ஒரு முழம்கூட நீங்கள் ஊகத்துக்கு விடவில்லை. கால் கொப்புளித்த பிறகும், "இந்த இடம் பரவாயில்லை, விட்டுடலாம்" என்று நான் சொன்ன இடத்தில் திரும்பிப்போய் இரண்டாம் முறை பிடித்துப் பார்த்தீர்கள். இடித்தது.

புறப்பட்ட நாள் காலையில் வானம் கறுத்திருந்தது. சாக்குகளுக்கு இடையில் மெத்தென்ற பச்சைத் தழை திணித்து, முளை ஒடியாமல் அடுக்கினீர்கள். விதையில் மூன்றில் ஒரு பங்குதான் வண்டி கொண்டது. அதை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து மீதியை ஏற்றுவது திட்டம். பீட்ரூட் வளைவுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினீர்கள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மேகம். மேகத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

"எறங்குங்க வாத்தியாரே. உங்களுக்குப் புள்ள குட்டி இருக்கு."

"உங்களுக்கும்தான் இருக்கு."

"இருக்கு. ஆனா வண்டி என்னோடது, வாக்கும் என்னோடது. எறங்குங்க."

இறங்கினேன். ஈரச் சாக்கை விரித்தோம். நீங்கள் ஏதோ ஓதிவிட்டு வண்டியை எடுத்தீர்கள். வெளிப்பக்கச் சக்கரம் உதிர்த்த கல் கீழே விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவே இல்லை. வண்டி மட்டும் அந்தப் பக்கம் போய் நின்றது. நான் நடந்து வந்து ஏறியதும், "பீட்ரூட்டைவிடப் பெரிசா வச்சிருக்கணும்" என்றீர்கள்.

மத்தியானம் போளூருக்குள் நுழைந்தோம். ஊரே ஓடி வந்தது. சாக்குகளை இறக்கி, தழையை விலக்கி, முளைகளைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது. ஒரு கிழவர் ஒரு கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அது போதும் என்று தோன்றியது. அப்போதுதான் வேலுச்சாமி உங்களிடம் வந்து, மெதுவாக, மரியாதையாக, ஒரு கேள்வி கேட்டார்.

"சரிங்க ராவுத்தரே. இப்ப எங்க வச்சுத் திருப்பப் போறீங்க?"

ஒரு பக்கம் மேல் வயலின் கல் கட்டு. மறு பக்கம் வேலுச்சாமியின் வயல், இடுப்பளவு கல் சுவர். வண்டிக்கு முன்னால் கோயில், கோயிலுக்கு முன்னால் படி. மூங்கில் அகலத்தை அளந்தது. நீளத்தை யாரும் அளக்கவில்லை. பின்பக்கமாகவே ஓட்டிப்போனால் பீட்ரூட் வளைவு. மீதி விதை மண்டியில். மேற்கே இடி.

நான் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தவறு நடந்ததும் காரணம் எப்படித் தயாராகும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் வண்டியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னீர்கள்: "தப்பு என்னோடது. வர்றதுக்கு மட்டும் யோசிச்சேன். போறதுக்கு யோசிக்கல." ஆட்சேபத்துக்கென்று கூடவே ஒரு வாத்தியார் வைத்திருந்ததை நீங்கள் சொல்லவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஊர் கூடிப் பேசியது. தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. சாமி சப்பரத்தைத் தெருமுனையில் எப்படித் திருப்புகிறார்களோ அப்படி. சப்பரத் தண்டுகள் கோயிலுக்குள் இருந்தன. ஜீப்புக்குச் சாமி தண்டா என்று சிலர் தயங்கினார்கள். பூசாரி வானத்தைப் பார்த்தார். "மீதி விதை வராட்டி ஆடியில சாமிக்கு என்னத்தப் படைப்பீங்க? எடுங்கப்பா வெரசா" என்றார்.

தண்டு கட்டினார்கள். தோள் கொடுத்தார்கள். தூக்கவில்லை.

"ராவுத்தரே, ஏறி உக்காருங்க."

"நான் எதுக்கு? பாரம் கூடுமே."

"வெறுஞ் சப்பரம் தூக்கிப் பழக்கமில்லைங்க" என்றார் வேலுச்சாமி. "மேல ஆள் இருந்தாத்தான் தோள் நிக்கும்."

இதில் எந்த நியாயமும் இல்லை என்று நான் வாதாடிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. நீங்கள் ஏறி உட்கார்ந்து, வேறு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டீர்கள். "அரோகரா!" என்று ஒரு குரல் எழுந்தது. பழக்கதோஷம். சத்தம் இல்லாமல் அவர்களால் தூக்க முடியாது. வண்டி மண்ணை விட்டு எழுந்தது. போளூர் ஆண்களின் தோளில் நீங்கள் மெல்ல மெல்ல வடக்கே பார்த்து, கிழக்கே பார்த்து, கடைசியில் வந்த திசையைப் பார்த்தீர்கள். நான் மூங்கிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றேன். சாம்பிராணி மட்டும்தான் இல்லை. முன் தண்டில், வலது தோளில், வேலுச்சாமி இருந்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு பாரம் சுமந்த பாட்டைவிடப் பெரிது.

திரும்பும் வழியில் பீட்ரூட் வளைவைத் தாண்டினோம். பிறகு, "வாத்தியாரே, இதைப் பள்ளிவாசல்ல யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றீர்கள். நான் சொல்லவில்லை. நாம் கோடைக்கானல் போய்ச் சேருவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாளும் போனோம். மறுபடி தூக்கினார்கள், மறுபடி அரோகரா. அதற்கு அடுத்த நாள் கடைசி நடை. நாம் போய்ச் சேர்ந்தபோது தண்டுகள் வெளியே இல்லை. வேலுச்சாமி தன் வயலின் கல் சுவரைப் பிரித்துப் போட்டிருந்தார். விதைக்கென்று கொத்திப் பண்படுத்தி வைத்திருந்த மேல் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி, கல் பாவிக்கொண்டிருந்தார்.

"என்ன வேலுச்சாமி, நல்ல மண்ணாச்சே!" என்றீர்கள்.

"தோள் வலிக்குதுங்க" என்றார் அவர். "நீங்க பாட்டுக்கு வருஷா வருஷம் வருவீங்க போல."

நீங்கள் இறங்கி அவரோடு சேர்ந்து கல் அடுக்கினீர்கள். அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விதை மண்ணுக்குள் இருந்தது.

ஜீப்பை விற்றபோது மூங்கிலை என்னிடம் கொடுத்தீர்கள். ஆட்சேபம் சொல்கிறவரிடம்தான் அளவுகோல் இருக்க வேண்டும் என்றீர்கள். அந்தப் பதவியில் நான் பிறகு கொஞ்சம் தேறியிருக்கிறேன். கல்யாண வீடானாலும் கூட்டமானாலும், உள்ளே நுழைந்ததும் வெளியே வரும் வழியைத்தான் முதலில் பார்க்கிறேன். யாராவது ஒரு பெரிய திட்டத்தை விரித்தால், "எங்க வச்சுத் திருப்புவீங்க?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் சிரிக்கிறார்கள். என் தப்பை ஒப்புக்கொள்ள நேரும்போது, தொப்பி இல்லாவிட்டாலும், துண்டையாவது தோளிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். இன்று காலை மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, திரைத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

போன மாதம் போளூர் போயிருந்தேன். இப்போது தார் ரோடு. வேலுச்சாமி அந்தப் பாத்தியில் பிறகு கிழங்கு போடவே இல்லை. கோடைக்கானல் பஸ் அங்கேதான் திரும்புகிறது.