முவாண்டாவில் ஓர் அம்மா

அன்புள்ள லுசோலோ,

உன் முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைகள் சுகமா? இங்கே எனக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது, போய்விட்டது. கவலைப்படாதே.

இந்தக் கடற்கரைக்காரர்கள் நம்மை மலைக்காட்டான் என்று சிரிப்பதால், இவர்கள் வீட்டில் கை நனைப்பதில்லை என்றிருந்தேன். நான் தங்கியிருக்கும் வலைக் கொட்டகையில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, மீன் விற்கும் ஃபெம்பா கஞ்சி கொண்டுவந்தாள். நம் மகளைவிடச் சின்னவள்.

"எடுத்துட்டுப் போ" என்றேன்.

"பெருசு, உங்க அம்மா எந்தக் குலம்?"

என்சாக்கு குலம் என்று சொல்லி, மூத்த தாய்மார் பெயர்களை வரிசையாக ஒப்பித்தேன். பாதியில் அவளே மீதியைச் சொல்லி முடித்தாள்.

"அட, நானும் அதே குலம்தான்! முறைப்படி நான் உனக்கு அம்மாடா. வாயைத் திற!"

தாய் முறை என்றான பிறகு மறுக்க முடியுமா? நம் வழக்கப்படி கைதட்டி வணங்கிவிட்டுக் குடித்தேன்.

நம் ஊர் ஆறு இங்கே கடலுக்குள் வெகுதூரம் பழுப்பு நிறம் மாறாமலே போகிறது. இந்த ஜனங்களும் அப்படித்தான். எத்தனையோ கப்பல்கள் வந்துபோன கரையில், ஒரு தாயின் பெயரைக்கூட இவர்கள் தொலைக்கவில்லை. ஆனாலும் மலைக்காட்டான் என்றதற்கு இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதை நான் விடமாட்டேன்.

என் பழைய போர்வையை லாரியில் அனுப்பு. நீ அவித்த மரவள்ளிக் குவாங்காவும் அனுப்பு, இங்குள்ளது தொண்டையில் இறங்கவில்லை. என் புது அம்மாவுக்கும் சேர்த்து வை.

சாப்பிடக் கூப்பிடுகிறாள். தாமதித்தால் ஊரே கேட்கத் திட்டுவாள்.

உன்
மபியாலா