அம்மாவின் கழுத்தும் பத்து மை பிரிண்டரும்

அன்பு மகள் பிரீத்திகாவுக்கு, சூலக்கரையிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் இங்கே தினமும் பேச்சு. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்தக் கவருக்குள் ஒரு படம் இருக்கிறது, அதைத் துணையில்லாமல் அனுப்ப மனசு வரவில்லை. படத்தை இப்போதே எடுக்காதே, முதலில் இதைப் படி.

நீ சொன்னபடி போட்டோ பிரிண்டர் வாங்கப் போனேன். நீ அனுப்பிய விவரங்களைப் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் மிச்சம். சிவகாசி பிரஸ்ஸில் பட்டாசு லேபிளுக்குக் கலர் பார்க்கிற மனுசனுக்கு ஒரு மெஷின் வாங்கத் தெரியவில்லையா என்று உன் அம்மா கேலி செய்தாள். மதுரை ரோட்டில் விக்னேஷ்குமார் என்பவர் கடை வைத்திருக்கிறார். காகிதத்தில் பார்க்காமல் எந்தக் கலரையும் நம்பமாட்டேன் என்று சொல்லி, பொங்கலன்று நீ எடுத்த படத்தையே எல்லா மெஷினிலும் அடித்துக் காட்டச் சொன்னேன். பானை பொங்கும்போது அம்மா சிரிக்கிறாளே, அந்தப் படம். முந்தானை நழுவியிருந்தது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது. சின்ன வயதில் கார்த்திகையன்று புஸ்வாணம் வெடித்துக் கழுத்தில் வந்த தழும்பை அவள் யாருக்கும் காட்டுவதில்லை என்பது உனக்குத் தெரியும், எங்கள் கல்யாணப் படத்தில்கூடக் கழுத்தை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.

முதல் மெஷினில் எங்கள் பிரஸ் மாதிரி நாலு மை. தழும்பு இருந்த இடம் நிழலோடு நிழலாகக் கலந்துவிட்டது, அப்பாடா என்றிருந்தது. அடுத்ததில் பத்து மை, சாம்பலில் மட்டுமே இரண்டு. காகிதம் மெதுவாக வெளியே வந்தது, பானையின் ஆவி வந்தது, அம்மா நெற்றியின் வியர்வை வந்தது, பிறகு கழுத்து வந்தது. சட்டைப் பையிலிருந்த லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் வேலையில் எந்தப் படத்தில் லென்ஸ் வைத்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், இதில் புள்ளியைக் காணோம், தோல்தான் தெரிந்தது. ஓரத்தில் ஒரு மினுமினுப்பு, நடுவில் ரோஸ், அதற்குள் வெளிர் மண் நிறம், அந்தத் தழும்பில் இத்தனை நிறம் உண்டென்று கூடவே வாழ்கிற எனக்கே தெரியாது. இதை அவள் பார்த்தால் கிழித்துப் போட்டுவிட்டு, இனி எந்தப் படத்துக்கும் நிற்கமாட்டாளே என்று பயமும் வந்தது. ஆனால் அந்த மெஷினை விட்டு வர முடியவில்லை. தழும்பைக் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து அதையே வாங்கிவிட்டேன்.

லேபிளில் வருகிற முகத்தில் மருவோ தழும்போ இருந்தால் நாங்கள் துடைத்துவிட்டுத்தான் பிளேட் போடுவோம். அப்படியே இதையும் துடைத்தேன், கைப்பழக்கத்தில் சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றியும் விட்டேன். அடித்து உன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், "யாரு இவ, கம்பி மத்தாப்புப் பெட்டியில ஒட்டப் போறீகளா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியை ஒதுக்கப் போனவள், அதற்குள் நான் செருகி வைத்திருந்த கடையில் அடித்த பத்து மைப் படத்தை எடுத்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவள் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள், என் லென்ஸைக் கேட்டு வாங்கினாள், கழுத்தின் மேல் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்றால்கூட முகத்தோடு நிறுத்திக்கொள்கிறவள் அவள். பிறகு, "எம்புட்டு வருசமா பொத்திப் பொத்தி வச்சேன், இம்புட்டுத்தானா இது" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் மையும் காகிதமும் இப்படி ஒரு காரியம் செய்யுமா என்று இன்னும் மலைப்பாகவே இருக்கிறது. நான் துடைத்து அடித்த படம் இப்போது அடுப்படியில் எண்ணெய்த் தூக்குக்கு அடியில் கிடக்கிறது.

இங்கே தீபாவளி ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது, ஆமத்தூர் தாண்டினால் லோடு வண்டிகளுக்கு நடுவில்தான் பஸ் ஊர்ந்து போகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே. இந்த மெஷினை வாரம் ஒரு தடவையாவது ஓட்டாவிட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளுமாம், அதனால் வாரம் ஒரு படம் தவறாமல் அனுப்பு. அம்மா சொல்லச் சொன்னது இது: "வேலைக்குப் போயி வந்து களைச்ச மூஞ்சியா இருந்தாலும் அப்பிடியே அனுப்பச் சொல்லுங்க, தொடைச்சு கிடைச்சு அனுப்ப வேணாம்."

கவரில் இருக்கும் படத்தை உனக்கு அடித்து அனுப்பச் சொன்னவளும் அவள்தான். கண்ணாடி படத்தில் ஒட்டாமல் சட்டம் போடு, வெயில் படாத சுவராகப் பார். ஆனால் உள்ளறையில் வேண்டாமாம், உன் வீட்டுக்கு வருகிறவர்கள் நுழைந்ததும் பார்க்கிற இடத்தில் மாட்டச் சொல்கிறாள். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருக்க எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு. இப்போது படத்தை எடுத்துப் பார் அம்மா.

உன் அப்பா,
தங்கச்சாமி