இரண்டு ஞாயிறுகளின் வானம்

16 நவம்பர் 2025, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காபரோ, கனடா.

வடக்கே யெலோநைஃப் நகரில் வசிக்கும் தம்பி குணம் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அங்குள்ள வானத்தைச் சொல்வான்; நான் கொப்பியில் ஞாயிறுக்கொரு கட்டம் போட்டுப் பதிவேன். ஒன்பது ஆண்டுகளாக இதுவே எங்கள் வழக்கம். கடந்த மாதம் 26ஆந் திகதி, சென்ற ஆண்டு அங்கே ஏரி உறைந்த நாள் குறித்து வாக்குவாதம் எழுந்தது. அவன் ஒக்டோபர் 29 என்றான். நான் 31 என்று சாதித்தேன்.

"கொப்பியைப் பாருங்கோவன் அண்ணை" என்றான்.

பாராமலே தொடர்பைத் துண்டித்தேன். அதன்பின் வந்த இரண்டு ஞாயிறுகளும் அவன் அழைத்தான், நான் எடுக்கவில்லை.

இன்று கொப்பியைப் புரட்டினேன். 29, செவ்வாய்க்கிழமை என்று என் கையெழுத்திலேயே இருந்தது. உடனே அழைத்தேன். அவன் மனைவி எடுத்தாள்.

"அத்தான், வெள்ளிக்கிழமையிலயிருந்து உங்களுக்குப் போன் அடிக்கிறன், நீங்கள் எடுக்கேல்லை. அவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில நிக்கிறம். வாயில கதை வருகுதில்லை. போனை அவரின்ர காதில பிடிக்கிறன், சொல்லுங்கோ."

"குணம், நீ சொன்னதுதான் சரியடா. இருபத்தொன்பது."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அவள், "கையால யன்னலைக் காட்டுறார் அத்தான். வெளியில ஒண்டுமில்லை, வெறும் மூட்டம்தான்" என்றாள்.

'மூட்டம்' என்று இன்றைய கட்டத்தில் எழுதினேன். அதற்கு முந்திய இரண்டு கட்டங்களும் வெறுமையாக உள்ளன. அவற்றைச் சொல்லத்தான் அவன் அழைத்திருந்தான்.