வாய்க்காலில் ஊற்றிய பேன் மருந்து

இன்று காலை ஒரு பெண் பை நிறையப் பழைய மருந்துகளைக் கொண்டுவந்து நம் கடையில் கொடுத்தார். அவற்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மூடி தளர்ந்திருந்த பேன் மருந்து பாட்டில் ஒன்று என் விரல்களில் கசிந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியது. பழக்கத்தில் குழாயடிக்குப் போனவன், குழாயைத் திறக்காமல் காகிதத்தால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

புத்தூரில் நாம் இருவரும் சேர்ந்து இந்த மருந்துக்கடையைத் தொடங்கிய நாளிலிருந்து, தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாய். கடைக்கு வருமுன் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாலத்தில் டீ கிளாஸோடு கொஞ்ச நேரம் நிற்பாய். அங்கே கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திதான் காரணம். "இன்னிக்கு ரெண்டு பிடிச்சுட்டான்டா" என்று உள்ளே நுழையும்போதே சொல்வாய். நான் "ம்" என்பேன். ஒருநாள்கூட உன்னோடு வந்து நின்று பார்த்ததில்லை.

ஒரு வருஷம் மழையில் பின்னறைக் கூரை ஒழுகி, மூன்று பெட்டி பேன் மருந்து நனைந்துபோனது. லேபிள் பிய்ந்துபோனதால் மொத்த வியாபாரி திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். நீ ஒரு பாட்டிலோடு இருந்த துண்டுக் காகிதத்தைப் பிரித்துப் படித்தாய். "மீனுக்கு விஷம்னு போட்டிருக்கான். அப்படியே வை. திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக் கழிவு எடுக்கற வண்டி வரும், கொடுத்துடலாம்" என்றாய். சரி என்றேன். சனிக்கிழமை மதியம் நீ சாப்பிடப் போனபோது புதுச் சரக்கு வந்து இறங்கியது. வைக்க இடமில்லை. ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து பின்பக்கத் தொட்டியில் கவிழ்த்தேன். அந்தத் தொட்டியின் சாக்கடை வாய்க்காலில் விழுகிறது என்பது எனக்குத் தெரியாதது அல்ல. தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

திங்கள் காலை பாலத்தில் கூட்டம். எட்டிப் பார்த்தேன். கரையோரமாக மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. சின்னச் சின்னக் கெண்டைகள்தான் அதிகம். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கெட்டில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கொக்குகள் வேறு வந்து இறங்கியிருந்தன. டீ கிளாஸோடு நின்றிருந்த நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

"எத்தனை பாட்டில்?" என்று மெதுவாகக் கேட்டாய்.

"எல்லாமே."

கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, செருப்போடு கீழே இறங்கினாய்.

"யாரும் எடுக்காதீங்க. அதைக் கொட்டிடுங்க. சாப்பிட்டா ஆபத்து."

பாலத்தருகே இட்லிக்கடை போட்டிருக்கும் செல்வி பக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க மீன் திங்காதவங்க. உங்களுக்கு என்னண்ணே தெரியும்? புள்ளைங்களுக்குக் குழம்பு வெச்சுக் கொடுக்கலாம்னு எடுக்கறேன்."

"மருந்து கலந்திருக்கும்மா. எங்க கடை மருந்து. நான்தான் சாக்கடைல ஊத்தினேன்" என்றாய் நீ.

நான் உன் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஒருவர் உன் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "இந்தத் தண்ணி வயலுக்குப் போவுது, மாடு குடிக்குது, படிச்சவன்தானே நீ?" என்றார். நீ தலையை ஆட்டினாய். பிறகு நீயே பக்கெட்டை வாங்கி மீன்களை அள்ளத் தொடங்கினாய். கொக்குகள் தின்றுவிடக் கூடாது என்பதுதான் உன் பதற்றமாக இருந்தது. திட்டியவரே மண்வெட்டி கொண்டுவந்து குழி தோண்டினார். மதியம்வரை அள்ளிப் புதைத்தோம்.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள், தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். மேலே எங்கிருந்தோ வேறு கழிவும் கலந்திருக்கலாம் என்றார்கள். எதனால் செத்தது என்று கடைசிவரை உறுதியாகத் தெரியவில்லை. நான் அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டேன். நீ பிடித்துக்கொள்ளவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து பின்பக்கத் தொட்டியின் வாயை சிமெண்டால் அடைத்தாய். "சாக்கடைல ஊத்தினா போயிடுத்துன்னு அர்த்தமா? எங்கடா போயிடுத்து?" என்று ஒருமுறை கேட்டாய். அவ்வளவுதான். தெருவில் உன்னை 'மீனைக் கொன்னவர்' என்று சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு வருஷக்கணக்காக அந்தப் பாலத்தில் போய் நின்றாய். அந்த வருஷம் மீன்கொத்தி வரவில்லை. மறு வருஷம் ஒன்று வந்தது. அதே பறவையா என்று நான் கேட்டதற்கு, "தெரியலடா" என்றாய்.

உன் பதிமூன்றாம் நாள் முடிந்து கடை திறந்தபோது செல்வி மாத்திரை வாங்க வந்தாள். "நல்ல மனுஷன். அந்த ஒரு காரியம் மட்டும் பண்ணாம இருந்திருக்கலாம்" என்றாள்.

"அன்னிக்கு ஊத்தினது அவர் இல்லம்மா. நான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவரு இருக்கறப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள். மாத்திரையை வாங்காமலே போய்விட்டாள். மறுநாள்தான் வந்து வாங்கினாள்.

அதற்குப் பிறகு பழைய மருந்துகளை இங்கே கொடுக்கலாம் என்று கடை வாசலில் எழுதி ஒட்டினேன். கொண்டுவருகிறவர்களிடம் ஏன் என்பதையும் சொல்கிறேன், ஊற்றியது நான்தான் என்று பெயரை மாற்றாமல். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் வீட்டில் மிச்சமிருந்த சிரப்பைப் போன வாரம்தான் ஊற்றினோம் என்று முகம் வாடுகிறார்கள். எனக்கு ஆறுதல் வருவதில்லை. ஒரு பை இங்கே வந்தால் எத்தனை பை தொட்டியில் போயிருக்கும் என்றுதான் ஓடுகிறது மனசு. மழைக்குப் பிறகு தண்ணீர் நிறம் மாறினால் தூக்கம் போய்விடுகிறது.

இப்போது தினமும் கடைக்கு முன்னால் பாலத்துக்குப் போகிறேன். டீ குடிக்க அல்ல. கீழே பார்க்கவே முதலில் பயமாக இருக்கிறது. தண்ணீர் அசையாமல் கிடந்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். எங்காவது ஒரு கெண்டை மேலே வந்து வாய் திறந்து, வட்டம் ஒன்று விரிந்த பிறகுதான் கால் கடையை நோக்கி நகர்கிறது.