அந்தப் படத்தை எடுக்கச் சொன்னவன் நான்

கோபம் வந்தால் 'அருள்ராஜ்' என்று முழுப்பெயரையும், மற்ற நேரமெல்லாம் 'டேய் தம்பி' என்றும் கூப்பிட்ட என் ஜெசிந்தா அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகப் போகிறது. இத்தனை நாள் கழித்து இவன் என்னத்தை எழுதுகிறான் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். உங்கள் அடக்கத்துக்கு வந்தேன், மண் போட்டேன், அலுவலகம் நடத்திய நினைவுக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசவும் செய்தேன். 'பணியில் ஒரு குறை சொல்ல முடியாதவர்' என்றேன். அந்த நிமிடம் உங்கள் ஃபைலில் ஒரு மெமோ இருந்தது. அது என்னால் வந்தது. அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள் எனக்கு!

உங்கள் காதில் தனியாகச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இப்போது ஊர் அறியச் சொல்கிறேன்.

படிப்பவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரிய வேண்டுமே. நாம் இரண்டு பேரும் சமூகப்பணியில் முதுகலை படித்தவர்கள். தாம்பரத்தில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். வீட்டில் அடி உதை வாங்கும் பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் துணை நிற்பது வேலை. நீங்கள் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், களப்பணியாளர். நான் உங்களுக்குத் தம்பி வயதில் இருந்துகொண்டு உங்கள் ஒருங்கிணைப்பாளர். அதாவது நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் வெயிலில் நடந்ததைக் கம்ப்யூட்டரில் சரிபார்ப்பவன்.

ஒருமுறை ஊரப்பாக்கத்தில் ஒரு வீட்டு ஓனர் நம்மை வழிமறித்தது நினைவிருக்கிறதா? லோன் கொடுக்க வந்திருக்கிறோமா, ஓட்டு கேட்க வந்திருக்கிறோமா என்று அவருக்குச் சந்தேகம். நீங்கள் விளக்கியதும், "ஓ, சேவை பண்றீங்களா? இதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம் படிப்பு?" என்றார். "ஊசி போடறதுக்கு எதுக்கு சார் படிப்பு? கையில குத்தினா உள்ள போயிடுமே" என்றீர்கள். அந்த மனிதர் சிரித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நீங்கள் வாயை மட்டும் நனைத்துக்கொண்டு சொம்பைத் திருப்பிக் கொடுத்தீர்கள். களத்துக்குப் போகிற நாளில் நீங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் கழிவறை கிடைக்காது. அது எனக்கு வருஷக்கணக்காகத் தெரியும். தெரிந்து என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

சரி, சுற்றி வளைக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வேலையில் ஒரு வீட்டுக்குப் போனால், போனதற்கு ஆதாரமாக ஆப்பில் போட்டோ ஏற்ற வேண்டும். தேதி, நேரம், தெருப் பெயர் எல்லாம் படத்தின் மூலையில் தானாக விழும். அது இல்லாவிட்டால் நாம் போகவே இல்லை என்று அர்த்தம். இரண்டு மணி நேரம் ஒரு பெண்ணை அழவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, படம் இல்லையென்றால் வருகை இல்லை. "நம்மள இவங்க நம்ப மாட்டாங்களாம். ஆனா ஜனங்க மட்டும் நம்மள நம்பணுமாம். நல்லா கீதுடா உங்க நியாயம்" என்று வேண்டுமென்றே மெட்ராஸ் பாஷையில் என்னை வாருவீர்கள்.

புருஷனுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பெண்களின் வீட்டில் படம் எடுக்கக் கூடாது என்று நம் விதியிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் நீங்கள் ஒரு சுவரையோ மூடிய கதவையோ எடுத்து ஏற்றுவீர்கள். மேலே இருந்து ஆய்வுக்கு வந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 'பயனாளி முகம் தெரியவில்லை' என்று சிவப்பில் எழுதினார்கள். அந்தச் சிவப்பெல்லாம் என் பெயருக்கு நேராக வந்து நின்றது.

அப்போதுதான் மலர் விஷயம் நடந்தது. மலர் அவருடைய உண்மைப் பெயர் இல்லை, அவர் சம்பந்தப்பட்ட ஊர்ப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் பாடத்தையாவது நான் படித்துவிட்டேன் அக்கா. மலரின் கணவன் திருமுடிவாக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். இரண்டு பெண் பிள்ளைகளோடு அவனிடமிருந்து தப்பி ஊரப்பாக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தார். அந்த இடத்தைப் பார்த்துக் கொடுத்ததே நீங்கள்தான்.

மாதக் கடைசியில் உங்களுக்குப் போன் செய்தேன். "அக்கா, இந்த ஒரு தடவை. முகம் தெரியற மாதிரி ஒரே ஒரு படம். ஆப்ப விட்டு வெளிய போகாது."

"அந்த வீடு வேணாம் தம்பி. வேற எங்கயாவது எடுத்துத் தரேன்."

"அக்கா, எல்லாத்துக்கும் நீங்க இப்படியே சொன்னா நான் இன்னாதான் பண்றது? ரிவ்யூ முடியட்டும், நானே டெலீட் பண்ணிடறேன்."

"சரி" என்றீர்கள். அந்தச் 'சரி'யை நான் எத்தனை தடவை மனசுக்குள் போட்டுப் போட்டுக் கேட்டிருப்பேன் தெரியுமா? அதில் ஒரு கோபம்கூட இல்லை. என்னை நம்பிவிட்டீர்கள்.

படம் வந்தது. மலர் சிரித்துக்கொண்டிருந்தார். நம்மிடம் இருந்த படங்களில் சிரிக்கிற முகமே குறைவு. நான் அழிக்கவில்லை. அடுத்த மாதம் ஆண்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க நல்ல படம் வேண்டும் என்றார்கள். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கூடக் கேட்டார், "மூலையில ஏதோ எழுத்தா இருக்கே, கட் பண்ணிடவா சார்?" என்று. "இருக்கட்டும், அதுதான் ப்ரூஃப்" என்றேன். பாவி, என் வாயால் சொன்னேன். தெருப் பெயரோடு ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி மூன்று நாள் தொங்கியது.

அந்தப் பட்டறையிலிருந்து யாரோ ஒருவர் அதைத் தன் போனில் பிடித்து அவனுக்கு அனுப்பியிருக்கிறார். அவன் ஊரப்பாக்கத்துக்கு வந்துவிட்டான். கதவை உடைத்தான். மலர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினார். தெருவில் நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்ததால் உயிர் தப்பியது. உங்களுக்குத்தான் முதல் போன் வந்தது. நீங்கள்தான் ஓடினீர்கள்.

விசாரணையில் நம் டைரக்டர் மேடம் கேட்டார்: "ஒளிஞ்சிருக்கிற கேஸ்ல போட்டோ எடுத்தது யாரு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். அதன் லேபிளை முழுசாகப் படித்தேன் அக்கா, சத்தியமாக. ஒரு வரி விடவில்லை.

"நான்தான் மேடம்" என்றீர்கள்.

எடுக்கச் சொன்னது யார் என்று எவரும் கேட்கவில்லை. நான் சொன்னது போனில், எழுத்தில் எதுவும் இல்லை. மெமோ உங்கள் பெயருக்கு வந்தது. அதைத் தட்டச்சு செய்து உங்கள் மேஜையில் வைத்தது யார் தெரியுமா? நானேதான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு வைத்தேன்.

பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. வாட்ஸப்பில் 'ரிப்போர்ட் அனுப்பியாச்சு சார்' என்று வரும். அந்த 'சார்' என்னைக் கொன்றது. பிறகு ஒரு மாலை தாம்பரம் ஸ்டேஷனில், நீங்களாகவே வந்து பக்கத்தில் நின்றீர்கள்.

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்டா. ஒரு நிமிஷம் நல்லா டைம் குடுத்தேன்."

"அக்கா, எனக்கு மார்ச்சுல கான்ட்ராக்ட் முடியுது. கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு..."

"எனக்கும் மார்ச்சுதான்" என்றீர்கள்.

ரயில் வந்தது. ஏறினோம். அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீங்கள் பழையபடி சிரித்தீர்கள், என்னை ஓட்டினீர்கள், மீட்டிங்கில் கண்ணைத் திறந்தபடியே தூங்கினீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

பிறகு அந்த நாள். நீங்கள் மயங்கி விழுந்தது மேடவாக்கம் பஸ் ஸ்டாப்பில். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். மூன்றே நாள். எத்தனை பேருக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் வாங்கிக் கொடுத்த நீங்கள், உங்கள் பிரஷருக்கு ஒரு மாத்திரை வாங்கப் போகவில்லை. அன்று நீங்கள் லீவு, மேடவாக்கம் பக்கம் நமக்கு ஒரு கேஸும் கிடையாது. மேடவாக்கத்துக்கு ஏன் போனீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் புரியவில்லை.

எனக்கு அடுத்த வாரம் புரிந்தது. உங்கள் ஆபீஸ் போனை என்னிடம் கொடுத்தார்கள். நீங்கள் பார்த்துவந்த குடும்பங்களையெல்லாம் பிரித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஆப்பில் 'பணியாளர் மாற்றம்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். 'உங்கள் ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார்' என்று அந்த வீடுகளில் யாரும் போய்ச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அந்தப் போன் அடித்தது. திரையில் 'தங்கச்சி' என்று இருந்தது. உங்கள் சொந்தத் தங்கை என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, இந்த மாசம் வரவே இல்லியே? பொண்ணு கேட்டுக்கினே இருக்கா."

மலரின் குரல். விசாரணை நேரத்தில் ஒரே ஒருமுறை பேசியிருக்கிறேன், மறக்குமா?

கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தேன். மலரின் கேஸை நீங்களே 'முடிந்தது' என்று மூடியிருந்தீர்கள். கேஸ் இருந்தால் படம் கேட்பார்கள். கேஸ் இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மூடிவிட்டு, உங்கள் லீவில், உங்கள் பஸ் செலவில், மாதா மாதம், மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் மலர் குடிமாறியிருந்த பள்ளிக்கரணைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். என் தப்புக்கு நீங்கள் அலைந்திருக்கிறீர்கள்.

நான் மலரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "அக்கா லீவுல இருக்காங்கம்மா." வாயில் அதுதான் வந்தது. அடுத்த வாரம் மறுபடி அடித்தார். மறுபடி லீவு. மூன்றாவது முறையும் லீவு. ஒரு மரணச் செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷம் படித்தவன்.

போன சனிக்கிழமை மலர் வீட்டுக்குப் போனேன். சதுப்பு நிலத்தை ஒட்டிய கடைசித் தெருவில் ஷீட் போட்ட ஒரு வீடு. கதவு பாதி திறந்தது. யார் என்று சொன்னேன். உள்ளே விட்டார். உட்காரவில்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். "ஜெசிந்தா அக்கா தவறிட்டாங்கம்மா. ரெண்டு மாசம் ஆகப் போகுது."

மலர் அழவில்லை. என்னையே பார்த்தார்.

"இன்னா சார் சொல்றீங்க? லீவு லீவுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே சார். நான் அக்கா மேல கோவமா இருந்தேன். நம்மள மறந்துட்டாங்க, பேஜார் புடிச்சவளுங்கன்னு வுட்டுட்டாங்கன்னு திட்டிக்கினு இருந்தேன். செத்துப்போனவங்கள திட்ட வெச்சிட்டீங்களே சார்."

அதற்கப்புறம்தான் அழுதார். பெரிய பெண் வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள். ஓடிவிடலாமா என்றிருந்தது அக்கா. கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் இப்போதும் ஓடினால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அதனால் மற்றதையும் சொன்னேன். படத்தை எடுக்கச் சொன்னது நான், ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்தது நான், தெருப் பெயரை வெட்ட வேண்டாம் என்றது நான், விசாரணையில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவனும் நானே என்று.

மலர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"அக்கா இங்க வர்றப்பல்லாம், 'என்ன மன்னிச்சிரும்மா'ன்னுதான் உள்ளயே வருவாங்க. ஒவ்வொரு மாசமும். உங்க பேர ஒரு தபா கூட சொல்லல." பிறகு கேட்டார்: "இத உங்க ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அப்போ எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அங்க சொல்லுங்க மொதல்ல. அக்கா பேர சரி பண்ணுங்க. அப்பால வாங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். ஓங்கிச் சாத்தவில்லை. மெதுவாகத்தான்.

இன்று ஞாயிறு. மேடத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிவிட்டேன். நடந்தது நடந்தபடி. ஜெசிந்தாவுக்குக் கொடுத்த மெமோவை ரத்து செய்து அதை என் பெயருக்கு மாற்றித் தர வேண்டும், அவர் பார்த்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரில் போய் அவர் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். வேலை போனால் போகட்டும் என்று வசனம் பேசுகிற ஆள் நான் இல்லை. உங்களுக்கே தெரியும், பயந்தாங்கொள்ளி. நாளைக் காலையில் நழுவிவிடுவேனோ என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான் என் பெயரைப் போட்டு இதை அச்சுக்கு அனுப்புகிறேன். இனி நழுவ வழியில்லை.

உங்கள் மன்னிப்பைக் கேட்க மாட்டேன். கொடுக்க நீங்கள் இல்லை. நீங்கள் இருந்தபோது கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன் அக்கா. உங்கள் பெயர் சரியான அன்று பள்ளிக்கரணைக்குப் போவேன். மலர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்து, அடுத்த மாதமும் போவேன். அதற்கடுத்த மாதமும். எந்த ஆப்பிலும் அது ஏறாது.

அக்கா என்று கூப்பிடும் உரிமையை இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டிய உங்கள் தம்பி,
அருள்ராஜ்