சென்ட் வக்கீல் எதிரில் நீ உட்காரணும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறேன். இங்க நானும் அம்மாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருப்பேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இடது கை எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுமையா படி. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கிட்டே ஏறுறா. கீழ்வீட்டு டெய்லர் காலி பண்ணிட்டுப் போயிட்டார், மெஷின் சத்தம் இல்லாம அம்மாவுக்குப் பகல்ல பொழுதே போகலையாம். சட்டக் கல்லூரி எழுத்துப் பரீட்சையில நீ தேறிட்டே, நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னு தெருவுல ஒரு வீடு விடாம சொல்லிட்டா. அவ்வளவு பேர் எழுதினதுல விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் எடுப்பாங்களாமே, என் வலது கையை வச்சு எண்ணினா சீக்கிரம் முடிஞ்சிடும்.

ஆனா நேத்து போன்ல அம்மாகிட்ட என்ன சொன்னே? தேர்வுக் குழுவுல சென்ட் வக்கீல் பேர் இருக்கு, நான் போகலை, வேற காலேஜ் பார்த்துக்கறேன்னியாம். கேட்டதுலேர்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை. நீ அப்போ சின்னப் பொண்ணு, எவ்வளவு ஞாபகம் இருக்கோ தெரியாது. அச்சகத்துல பேப்பர் வெட்டுற மெஷினோட தடுப்புக் கம்பி உடைஞ்சு கிடக்குதுன்னு முதலாளிகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன், காதுல வாங்கலை. வலது கையில நாலு விரலும் போன பிறகு நான் நஷ்டஈடு கேட்டுப் போட்ட கேஸுல முதலாளி பக்கம் நின்னது அந்த ஆளுதான். அவருக்கு முன்னாடி அவர் சென்ட் வாசனை வந்துடும், அதனாலதான் நம்ம வீட்டுல அந்தப் பேர் வச்சோம். இவர் தூங்கி வழிஞ்சுக்கிட்டே கையை உள்ளே விட்டாருன்னு கூசாம சொன்னாரு. அதோட விட்டாரா, ஒத்தைக் கையால ஒண்ணும் முடியலைங்கறீங்களே, எங்க, சட்டைப் பொத்தானைக் கழட்டிப் போட்டுக் காட்டுங்கன்னாரு. அத்தனை பேர் முன்னாடி கழட்டிட்டேன், போட வரலை. பின் பெஞ்சுலேர்ந்து நீ ஓடி வந்து போட்டுவிட்டே. பார்த்துக்கத்தான் ஆள் இருக்கே ஐயான்னு அவர் நீதிபதியைப் பார்த்துச் சொல்ல, கோர்ட்டே சிரிச்சது. வழக்கு தோத்தது கூட ஆறிப்போச்சு, அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறலை.

அதனால இன்னிக்குக் காலையில அம்மாகிட்ட சொல்லாம நேரா அவர் ஆபீஸுக்கே போனேன். கேஸ் கொண்டு வந்திருக்கேன்னு நினைச்சு உட்காரச் சொன்னாரு. வலது கையை எடுத்து மேசை மேல வச்சேன், முகம் சுருங்கிப்போச்சு. கதவைச் சாத்துங்கன்னாரு, திறந்தே இருக்கட்டும் ஐயான்னேன், வெளியே காத்திருக்கிற கட்சிக்காரங்க காதுலயும் விழட்டும்னுதான். நீ நேர்காணலுக்கு வர்றதைச் சொன்னேன். அதெல்லாம் தொழில், மனசுல வச்சுக்காதீங்கன்னாரு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, உங்க பொண்ணுக்காக நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன், சீட் கிடைச்சிடும்னாரு. ஒரு வார்த்தையில என்னைத் தூங்குமூஞ்சி ஆக்கினீங்க, இன்னொரு வார்த்தையில என் பொண்ணைப் பிச்சைக்காரி ஆக்க வேணாம்னேன். அப்படின்னா அன்னிக்கு நான் ஒதுங்கிக்கறேன், அதுதான் முறைன்னாரு. முறை இத்தனை வருஷம் கழிச்சா ஞாபகம் வந்தது? நீங்க உட்காரணும், இருக்கறதுலயே கஷ்டமான கேள்வியா கேட்கணும், அவ சொல்ற பதிலை எதிர்ல இருந்து கேட்கணும்னு சொல்லிட்டு எழுந்துட்டேன். வெளியில அத்தனை பேரும் என் கையைத்தான் பார்த்தாங்க, ஒருத்தரும் சிரிக்கலை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில அடிச்சுக்கிட்டா. உங்க வீம்புக்கு அவ சீட்டைப் பறிகொடுக்கணுமா, அவ படிக்கறது அவளுக்காகவா உங்க விரலுக்காகவான்னா. அந்தக் கேள்விக்கு நீதான்மா பதில் சொல்லணும். சட்டம் பிடிக்கலைன்னா இப்பவே விட்டுடு, அப்பா ஒண்ணும் நினைக்க மாட்டேன். அந்த ஆளுக்குப் பயந்து மட்டும் விடாதே. ஏன் வக்கீல் ஆகணும்னு கேட்டா சமூக சேவை அது இதுன்னு மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்காதே, அவர் முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்லு. குரலை உயர்த்தாதே, அழாதே. முடிச்சதும் நன்றி ஐயான்னு சொல்லிட்டு வா, அந்த ஐயாவை நல்லா அழுத்திச் சொல்லு.

அசல் சான்றிதழ் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில போட்டுட்டு அங்க போய்த் தேடாதே. இன்னொண்ணு, கிளம்பும்போது அவர் குமாஸ்தாகிட்ட ஐயா உடம்பு எப்படின்னு விசாரிச்சேன். சர்க்கரை கிடையாதாம், பிரஷர் கிடையாதாம், தினமும் வேகமா நடக்கறாராம், இன்னும் ரொம்ப வருஷம் கோர்ட்டுக்கு வருவாராம். கேட்டு எனக்கு அவ்வளவு நிம்மதி. நீ கறுப்புக் கோட்டு போட்டு எதிர்ப்பக்கம் எழுந்து நிக்கிற அன்னிக்கு அவர் அங்க இருக்கணுமே. நீ நோய்நொடி இல்லாம நூறு வயசு நல்லா இரும்மா. அந்த நாள் வரைக்கும் அவரும் நல்லா இருக்கட்டும்.

என்றும் உன் நினைவில்,
அப்பா